கடலைப் பார்த்த மஞ்சள் சுவர்

எங்கள் தொழிலில் அடுத்தவர் துக்கம் வரவு, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பது செலவு. சோஷியல் ஒர்க் படித்துவிட்டு, கவுன்சிலர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், தடை ஒன்றும் இல்லை. படித்துவிட்டு "அப்போ நீ அங்க என்னதான் செஞ்ச?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நானே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எத்தனையாவது ஆள்

நான் பாறசாலைப் பக்கத்துக்காரி, கேரள எல்லையில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஊர். பாறசாலையிலேயே ஒரு சின்ன ஆலோசனை மையத்தில் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் பொழியூரிலிருந்து வின்சென்ட் என்ற மீன்பிடிக்காரர் தம்பி மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் பெயர் செலின். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். எல்லாம் வின்சென்ட்தான் பேசினார். தம்பி பனியடிமை மீன் பிடிக்கப் போன வள்ளம் கடலில் மறிந்தது, கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள், அவன் ஏறவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அதோடு விட்டதா? அடுத்த மழையில் கடல் கரையை அரித்து, அவர்கள் வீட்டு அடுக்களையை இழுத்துக்கொண்டு போனது. மிச்சம் இருப்பது ஓர் அறையும் கடலைப் பார்த்த ஒரு சுவரும்.

அரசு அவளுக்கு உள்ளே தள்ளி ஒரு ஃபிளாட் கொடுத்திருக்கிறது. போகமாட்டேன் என்கிறாள். அவர் வந்தால் எங்கே தேடுவார் என்கிறாள். மூன்றாம் வகுப்பில் படிக்கிற மெர்லின் என்று ஒரு மகள். இடிந்த வீட்டில் பிள்ளையை வைத்திருந்தால் பிள்ளையை எடுத்து ஹோமில் சேர்ப்போம் என்று குழந்தைகள் விஷயம் பார்க்கிற கமிட்டி சொல்லிவிட்டது. "ஆளு போயாச்சுண்ணு இவ ஒத்துக்கிட்டா ஆத்துமாவுக்கு பூசையும் வச்சிரலாம், வீட்டயும் மாத்திரலாம். நீங்க தான் மேடம் இவளுக்கு மண்டையில ஏத்தணும்" என்று வின்சென்ட் முடித்தார். ஆக, எனக்குக் கிடைத்த வேலை இதுதான்: ஒரு பெண்ணை, என் புருஷன் செத்துவிட்டான் என்று சொல்ல வைப்பது. வைக்காவிட்டால் பிள்ளை போய்விடும்.

புத்தகத்தில் படித்தபடி குரலைத் தாழ்த்தி, சற்றே முன்னால் சாய்ந்து, "அன்னைக்கு என்ன நடந்துது, சொல்லுங்க" என்றேன். அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"போலீசு கேட்டுது, பேப்பர்காரன் கேட்டான், வில்லேஜ் ஆபீசில கேட்டாவ, பூச வைக்கிற அச்சன் கேட்டாரு, இப்பம் நீங்க. நான் சொல்லும்ப எல்லாம் அந்த வள்ளம் திரும்பவும் ஒருக்கா மறியுது மேடம்."

உதியன்குளங்கரை ஆட்டோ

அன்றைக்கு மாலை பஸ்ஸில் உதியன்குளங்கரையில் இறங்கி, வீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்தேன். முகத்தைத் தொங்கப்போட்டிருந்தேன் போலிருக்கிறது. ஓட்டுநர் தெரிந்தவர், அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். கண்ணாடியில் பார்த்து, "என்ன பிள்ளே, வேலையில எதாவது பிரச்சினையா?" என்றார். என்ன வேலை என்று விளக்கினேன். வருகிறவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். மருந்து கிடையாது. ஊசி கிடையாது. பெரும்பாலும் பதிலும் கிடையாது.

அவர் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்தார். பிறகு, ஒரு வருடம் முன்பு தன் மகன் வளைகுடாவில் கட்டடத்திலிருந்து விழுந்ததையும், பிழைத்தவன் திரும்பி வந்து அறையைவிட்டு வெளியே வராமல் கிடப்பதையும் செங்கல் ஊர்ப் பக்கம் வண்டி திரும்பும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, மையத்துக்கு அவனைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"அவன் வரமாட்டான் மக்களே. ஆனா நான் வாறேன், நீ இதுபோல மிண்டாம கேட்டிட்டு இருப்பேண்ணா."

வீட்டு வாசலில் வாளி

பொழியூருக்கு முதல் முறை போய் வந்த அன்று என் அம்மா வாசலிலேயே வாளியில் தண்ணீர் வைத்திருந்தார். எங்கள் குடும்பம் பழைய மிஷன் சபைக் குடும்பம். அம்மா ஞாயிறு தவறாமல் பாட்டுக்குழுவில் பாடுவார். பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் கடப்புறத்துக்காரர்கள், அதாவது கடற்கரை மீனவர்கள் என்றால் அம்மாவுக்கு முதலில் மூக்குதான் சுருங்கும். பதினைந்து நிமிட பஸ் பயணத்தில் இருக்கிற ஊரை, ஏதோ கப்பலேறிப் போகிற தேசம் மாதிரிப் பேசுவார். "கால கழுவிட்டு ஏறு, மீன் மணம் வருது" என்றார்.

நான் கால் கழுவினேன். கழுவும்போது செலினின் கதையைச் சொன்னேன். அம்மா உண்மையாகவே கண் கலங்கினார். கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு ஒன்று சொன்னார். அதையே எங்கள் சூப்பர்வைசர் ஷீபா மேடம் மறுநாள் ஆபீசில் மலையாளத்தில், நல்ல நல்ல வார்த்தைகளைப் போட்டு, பிள்ளையின் எதிர்காலம் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னார். கமிட்டியில் இருந்தவர்களும் அதைத்தான் நினைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்ட எண்ணம் என்றால் சண்டை போடலாம்.

அம்மா சொன்னது இது: "அந்தப் பிள்ள ஹோமில நிண்ணா நாலெழுத்து படிச்சு மனுசியா வரும்லா மக்களே. கடப்புறத்தில பெத்த தள்ளைக்க கூட கெடந்தா என்னத்துக்கு ஆவும்?"

மனதுக்கு இதமான ஒலி

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மனக்காயத்தை அறிந்து, ஒடுக்குமுறைக்கு எதிராக நின்று செய்யும் சிகிச்சை முறை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டிவிடும். கேலி செய்கிறேனே தவிர, என்னைப் பிடித்துப் போட்டது அந்தப் பயிற்சிதான். பயிற்சியாளர் சொன்னார்: "உனக்கு என்ன கோளாறு என்று கேட்காதே, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறக்காதே. சொல்லு என்று இழுக்காதே. எப்போது, எவ்வளவு, யாரிடம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். காயம் எல்லாம் மனதுக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. அவர்கள் எங்கே பிறந்தார்கள், யார் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்தும் வருகிறது." கேட்கக் கேட்க, அம்மாவின் வாளி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

பயிற்சியின் கடைசியில் ஓர் ஒலிப்பதிவு கொடுத்தார்கள், பதற்றத்தில் இருப்பவர்களை அமைதிப்படுத்த. அதைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு, ஒரு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு, நானும் உடன் வேலை செய்யும் சஜியும் பொழியூர் சர்ச் ஹாலுக்குப் போனோம். கடலில் ஆளைப் பறிகொடுத்த பெண்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். செலினும் கடைசி வரிசையில். சஜி எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னான். மூச்சை இழுத்து விடச் சொன்னான். பட்டனை அழுத்தினான்.

அலை. ஒலிப்பதிவு முழுக்க அலைச் சத்தம். "நீங்கள் ஓர் அழகான கடற்கரையில் நிற்கிறீர்கள்" என்று ஒரு பெண் குரல் குழைந்தது. நாங்கள் இருவரும் அதை ஏசி அறையில் கேட்டபோது தூங்கியே விழுந்திருக்கிறோம். இங்கே யாரும் கத்தவில்லை. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செலின் கதவுப் பக்கம் போய்விட்டாள். சஜி நிறுத்தத் தெரியாமல் ஸ்பீக்கரைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் நான் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் சத்தம் நிற்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே அசல் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணைத் திறந்து சஜியைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"இத கேக்காம கொஞ்ச நேரம் இருக்கலாம்ணு ஆக்கும் தம்பி நாங்க கதவடச்ச ஹாலுக்கு வந்தது."

நெத்தோலி

அதற்குப் பிறகு செலினை மையத்துக்கு வரச்சொல்வதை விட்டுவிட்டேன். நானே போனேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, எப்போது போவாய் என்றும் கேட்கவில்லை. அவள் நெத்தோலி மீன் உலர்த்தினால் நானும் கூட உட்கார்ந்து மண்ணைப் பொறுக்கினேன். மெர்லின் வாய்ப்பாடு ஒப்பித்தால் தப்பைத் திருத்தினேன். ஷீபா மேடம், "சம்பளம் வாங்கிக்கொண்டு மீன் காயப்போடுகிறாயா?" என்றார். அது நியாயமான கேள்விதான்.

ஒரு நாள் செலின் தானாகவே அந்தச் சுவரைக் காட்டினாள். அறையின் கடலைப் பார்த்த சுவர், பளிச்சென்ற மஞ்சள். வள்ளத்துக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்டைப் பனியடிமை அடித்ததாம். அவர்கள் வீட்டில் வேறெந்தச் சுவருக்கும் பெயின்ட் இல்லை. கடலில் தூரத்தில் இருக்கும்போது சர்ச் கோபுரத்தையும் மலையையும் அடையாளம் வைத்துத்தான் எல்லாரும் வழி பிடிப்பார்கள். கரை நெருங்கினதும் அவன் பார்ப்பது இந்த மஞ்சளை. அவள் விட்டுப் போனால் ஆபீசர்கள் அன்றைக்கே இடித்துப் போட்டுவிடுவார்கள். பாதுகாப்பு, சரிதான். "அவர் செத்துப் போகல்லேண்ணு நான் சொல்லல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது நெத்தோலியிலிருந்து கையை எடுக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை நாள் இவள் மண்டையில் ஏற்றப் பார்த்த விஷயம், இவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அப்போதுதான் கேட்டேன், "நீங்க இங்கேருந்து போகணும்னா என்ன வேணும் செலின்?" என்று. அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

"ஒண்ணும் வேண்டாம் மக்கா. கடல் எடுக்கட்டு, அப்பம் போறேன். நானா விட்டிட்டு போனேன்ணு மட்டும் இருக்கப்பிடாது."

கமிட்டி

கமிட்டி கூப்பிட்ட நாளில் செலினோடு நானும் போனேன். ஒரு நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் அவள் ஒருத்தி. நான் என் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். பயிற்சியில் படித்ததில் எனக்கு உடனே செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஓர் உறுப்பினர், நல்ல மனிதர், மலையாளத்தில் மெல்லக் கேட்டார், கணவர் இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்று. அவளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, சந்தையில் மீன் விற்றவள். ஆனாலும் மேஜையைத்தான் பார்த்தாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துவிட்டது.

நான் பேசினேன். பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்பது ஒரு விஷயம், கணவன் இறந்தான் என்று இவள் சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம். இரண்டாவதைக் கொடுத்தால்தான் முதலாவது என்று ஏன் கேட்கிறோம் என்றேன். செலின் யோசித்து வைத்திருந்த ஏற்பாட்டைச் சொன்னேன். மெர்லின் கரையிலிருந்து இரண்டாம் வரிசையில் இருக்கிற வின்சென்ட் வீட்டில் தங்கிக்கொள்வாள், பள்ளிக்கூடமும் அங்கிருந்துதான். செலின் பகலில் மட்டும் பழைய வீட்டில் இருப்பாள், இரவில் மகளோடு. அந்தச் சுவர் நிற்கிற வரைக்கும் பொறுங்கள், விழுந்ததும் ஃபிளாட்டுக்குப் போய்விடுவாள், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள் என்றேன். வின்சென்டும் எழுந்து, சம்மதம் என்றார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில், சுவர் விழுகிறவரை தவணை, விழுந்த பிறகும் போகாவிட்டால் பிள்ளையை எடுத்துவிடுவோம் என்றார்கள். வெளியே வரும்போது அந்த உறுப்பினர் என்னை நிறுத்தினார்.

"அல்ல மோளே, ஒரு சம்சயம். நீ அவருடெ கவுன்சிலரோ, வக்கீலோ?"

கள்ளக்கடல்

மழையும் இல்லாமல் காற்றும் இல்லாமல், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் திடீரென்று ஏறி வரும். சொல்லாமல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். மெர்லின் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மத்தியானம் அது வந்தது. செலின் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சுவர் உட்கார்ந்துவிட்டதாம். உட்கார்ந்துவிட்டது என்றுதான் சொன்னாள், விழுந்தது என்று சொல்லவில்லை.

சொன்னபடி போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வின்சென்ட் வீட்டு வராந்தாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்தவள், உட்கார்ந்தவள்தான். சாப்பாடு இறங்கவில்லை. மெர்லின் வந்து மடியில் படுத்தால் தலையைத் தடவினாள், அவ்வளவுதான். வாக்கு கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா என்று வின்சென்ட் சத்தம் போட்டார். "இனி எத பாத்து வருவாரு?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். வந்து உட்கார்ந்து, திரும்பிப் போனேன். மறுநாளும் அப்படித்தான். கமிட்டியிலிருந்து போன் வந்தது: தவணை முடிந்தது, திங்கட்கிழமை காலையில் பிள்ளைக்கு வண்டி வரும். நான் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பொறுத்தாயிற்று என்றார்கள். ஞாயிறு முழுக்க எனக்கு அழுகைதான். சர்ச்சில் அம்மா பாடிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். மையத்துக்கு ராஜினாமா எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் மெல்ல மெல்லப் போனதற்கு விலை அந்தப் பிள்ளை என்றால், புருஷன் செத்தான் என்று அவள் வாயைப் பிடுங்கிச் சொல்ல வைத்திருந்தாலே தேவலையோ என்று தோன்றியது.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். வின்சென்ட் வீட்டு வாசலில் செலின் குளித்து, தலை சீவி, மெர்லினுக்கு யூனிபார்ம் போட்டு, பக்கத்தில் இரண்டு துணிமூட்டையோடு நின்றாள். "ஃபிளாட்டுக்கு போறதுக்கு ஆட்டோ சொல்லியாச்சு மக்கா, கமிட்டி வண்டி வாறதுக்கு முன்ன எறங்கணும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வீட்டின் மறுபக்கத்தைக் கைகாட்டினாள். போய்ப் பார்த்தேன். பூசை வை, பூசை வை என்று ஊரைக் கூட்டிய வின்சென்ட், ஏணியில் நின்று, தன் வீட்டின் கடலைப் பார்த்த சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். பெயின்ட் போதாமல் மேல்பாதி மட்டும்தான் மஞ்சள், கீழ்ப்பாதி பழைய நீலம். சட்டையெல்லாம் சொட்டு. என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷை நிறுத்தினார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

"வந்தா எங்க ஏறுவாண்ணு அவளுக்கு மட்டுமா மேடம் கவல? அவன் எனக்க தம்பியாக்கும்."

பனியடிமையின் கதை முடிந்தது என்று பொழியூரில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. கேஸ் முடிந்தது என்று எங்கள் ஆபீசில் மட்டும்தான் சொல்கிறார்கள்.